ஒரு மணி, இரண்டு சுரம்

சீனாவின் ஹூபெய் மாநிலத்தில், சூய்ஜோ நகரை ஒட்டிய குன்று ஒன்றை 1977இல் ராணுவத்தினர் வெடி வைத்துச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அடியில் கல்லறை ஒன்று இருப்பது தெரியவந்தது. மறுவருடம் திறந்தபோது உள்ளே தண்ணீர் நிறைந்திருந்தது. நீரை இறைக்க இறைக்க, மூன்று அடுக்குச் சட்டம் ஒன்று மேலெழுந்தது. 2,400 ஆண்டுகளுக்குப் பிறகும் பெரும்பாலான வெண்கல மணிகள் அதில் தொங்கிக்கொண்டேயிருந்தன.

மொத்தம் 65 மணிகள். பெரியது ஆளுயரத்தை நெருங்கும், எடை 200 கிலோவுக்கு மேல். ஜெங் என்ற சிற்றரசை ஆண்ட யீ என்பவருக்குச் சொந்தமானவை. பக்கத்துப் பேரரசான சூவின் மன்னர் ஒரு மணியைப் பரிசளித்திருக்கிறார்; அதில் பொறித்த ஆண்டைக் கணக்கிட்டால் பொ.ஆ.மு. 433 வருகிறது. அதே கல்லறையில் 21 இளம்பெண்களும் புதைக்கப்பட்டிருந்தார்கள். மணிகளின் அழகைப் பேசும்போது இதை விட்டுவிடுவது நியாயமில்லை.

அளவையும் எண்ணிக்கையையும் விட வியப்பானது மணியின் வடிவம். நம் கோயில் மணியின் வாய் வட்டம். எந்தப் பக்கம் அடித்தாலும் அதே ஓசைதான். இந்த மணிகளின் வாயோ பாதாம் பருப்பைப் போல இரு முனைகள் கொண்டது. உள்ளே நாக்கு கிடையாது. வெளியிலிருந்து மரச் சுத்தியால் தட்ட வேண்டும். முகப்பின் நடுவில் தட்டினால் ஒரு சுரம், நடுவுக்கும் முனைக்கும் இடையில் தட்டினால் இன்னொரு சுரம். முதலாவதை ஷட்ஜமாகக் கொண்டால், இரண்டாவது ஏறக்குறைய காந்தாரம்: சில மணிகளில் சாதாரண காந்தாரம், சிலவற்றில் அந்தரம்.

எப்படி நடக்கிறது? தட்டியதும் மணியின் சுவர் சில இடங்களில் உள்ளும் புறமுமாக அசையும்; இடையிடையே சில கோடுகள் அசையாமல் நிற்கும். வட்ட மணியில் இந்த அமைப்பு, அடி விழுந்த இடத்துக்கேற்பத் தானே திரும்பிக்கொள்ளும். இங்கே அந்த இரு முனைகள் அதைத் திரும்ப விடுவதில்லை. ஆகவே, வேகம் வேறுபட்ட இரண்டு அதிர்வுகள் தனித்தனியே நிலைக்கின்றன. ஒன்று அதிகம் அசையும் இடத்தில்தான் மற்றதன் அசையாக் கோடு விழுகிறது. அதனால் ஒன்றை எழுப்பினால் மற்றது பெரும்பாலும் உறங்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. வட்ட மணியின் ரீங்காரம் அடங்க வெகுநேரம் ஆகும். வேகமாக வாசித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். தட்டையான மணியில் ஓசை சீக்கிரம் அடங்கும். 11ஆம் நூற்றாண்டிலேயே ஷென் குவோ என்ற சீன அறிஞர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்.

வார்த்து எடுத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. சுருதி சேர்க்க, உட்சுவரைத் தேய்த்த தடங்கள் இன்றும் தெரிகின்றன. ஓரிடத்தில் உலோகத்தைக் குறைத்தால் இரண்டு சுரங்களுமே நகரக்கூடும். கூடுதலாகத் தேய்த்துவிட்டால் திரும்ப ஒட்டவும் வழியில்லை. என்னைக் கேட்டால், வார்ப்பை விட இதுதான் பெரிய வித்தை.

கல்லறை கிடைப்பதற்குச் சற்று முன்புதான், பழைய மணிகளை ஊர் ஊராகச் சோதித்த இசை ஆய்வாளர் ஹுவாங் சியாங்பெங், ஒவ்வொன்றிலும் இரு சுரங்கள் திட்டமிட்டே வைக்கப்பட்டவை என்று வாதிட்டிருந்தார். தற்செயலாக இருக்கும் என்று சந்தேகித்தவர்கள் இருந்தார்கள். யீயின் மணிகளிலோ, தட்ட வேண்டிய இரண்டு இடங்களிலும் அந்தந்தச் சுரத்தின் பெயர் பொன்னிழைத்துப் பொறிக்கப்பட்டிருந்தது.