பொம்மைக் கம்பெனி செய்த துப்பாக்கி!

குழந்தைகளுக்குப் பொம்மை செய்யும் கம்பெனி, துப்பாக்கி செய்தது. விளையாட்டுத் துப்பாக்கி அல்ல, நிஜத் துப்பாக்கி!

இரண்டாவது உலகப்போரின்போது இங்கிலாந்தில் நடந்தது இது. அந்தத் துப்பாக்கியின் பெயர் "ஸ்டென்".

1940-ம் ஆண்டு, பிரான்சில் தோற்ற பிரிட்டிஷ் படை டங்கர்க் கடற்கரையில் கப்பல் ஏறித் தப்பியது. வீரர்கள் பிழைத்தார்கள். ஆனால், ஏராளமான ஆயுதங்கள் அங்கேயே கிடந்தன.

ஹிட்லர் படை எந்த நேரமும் இங்கிலாந்தில் இறங்கலாம் என்ற நிலை. அமெரிக்காவில் இருந்து "தாம்சன்" துப்பாக்கிகளை வாங்கினார்கள். அவற்றின் விலையோ மிக அதிகம்.

ஷெப்பர்டு என்ற ராணுவ அதிகாரியும், டர்பின் என்பவரும் சேர்ந்து மலிவான துப்பாக்கி ஒன்றை உருவாக்கினார்கள். அதுதான் ஸ்டென்.

குறைந்த உறுப்புகள்

இதில் "மார்க் 3" என்ற வகைக்கு மிகக் குறைந்த உறுப்புகள்தான். இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தி, வளைத்து, பற்றவைத்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

அதனால்தான் "லைன்ஸ் பிரதர்ஸ்" என்ற பொம்மைக் கம்பெனியால் அதைச் செய்ய முடிந்தது. எல்லா வகையும் சேர்த்து சுமார் 40 லட்சம் ஸ்டென் துப்பாக்கிகள் தயாராயின!

எப்படிச் சுடுகிறது?

எடை சுமார் 3 கிலோ. இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டியில் 32 தோட்டாக்கள்.

உள்ளே கனமான இரும்புக் கட்டை. அதன் பின்னால் ஸ்பிரிங். விசையை இழுத்தால், கட்டை முன்னே பாய்ந்து தோட்டாவை வெடிக்க வைக்கும். அந்த வேகமே கட்டையைப் பின்னுக்குத் தள்ளும். ஸ்பிரிங் மறுபடியும் முன்னே தள்ளும். சடசடவென்று நான்கே விநாடியில் பெட்டி காலி!

ஜெர்மன் தோட்டாவும் இதற்குப் பொருந்தும். எனவே, பிரான்சில் மறைந்திருந்து போராடியவர்களுக்கு விமானத்தில் இருந்து இதைப் போட்டார்கள்.

சுட மறுத்தது!

ஆனால், மலிவுக்கும் ஒரு விலை உண்டு. பெட்டிக்குள் இரண்டு வரிசையாக இருக்கும் தோட்டாக்கள், வாய்ப்பகுதியில் ஒரே வரிசையாக வேண்டும். அங்கேதான் சிக்கிக்கொள்ளும். துப்பாக்கி கீழே விழுந்தால், தானாகவே வெடிப்பதும் உண்டு.

1942 மே 27-ந் தேதி. பிராக் நகரில் நாஜித் தலைவன் ஹைட்ரிக் காரில் வந்தான். அவனைத் தீர்த்துக்கட்டக் காத்திருந்த காப்சிக் என்ற வீரர், காரின் முன்னே பாய்ந்து ஸ்டென் துப்பாக்கியை நீட்டினார். விசையை இழுத்தார்.

துப்பாக்கி சுடவில்லை!

உடனே அவருடைய தோழர் குபிஷ் வெடிகுண்டை வீசினார். படுகாயம் அடைந்த ஹைட்ரிக், ஜூன் 4-ந் தேதி செத்தான்.

ஹிட்லரும் காப்பி அடித்தார்

போர் முடியும் தறுவாயில் ஜெர்மனியிலும் ஆயுதப் பஞ்சம். அவசரமாக ஒரு மலிவுத் துப்பாக்கி தேவைப்பட்டது. ஜெர்மானியர்கள் எதைப் பார்த்துச் செய்தார்கள், தெரியுமா?

ஸ்டென் துப்பாக்கியைப் பார்த்துத்தான்!