இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும் எஃகு ஆடு

திரைப்படங்களில் கதாநாயகன் ஓடிக்கொண்டே கைத்துப்பாக்கியால் சுடுவான். நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் வில்லனின் ஆள் சுருண்டு விழுவான். படம் பார்க்கிறவர்கள் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. ஆனால் துப்பாக்கி சுட்டுப் பழகியவர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். கைத்துப்பாக்கி என்பது மிக அருகில் வரும் ஆபத்தைத் தடுக்கச் செய்யப்பட்ட கருவி. அமெரிக்காவில் தற்காப்புக்காகச் சுடக் கற்றுக்கொள்பவர்கள் பெரும்பாலும் 7 கஜத் தூரத்தில்தான் பழகுகிறார்கள். ஆறரை மீட்டர்கூட இல்லை. வீட்டு வரவேற்பறையின் நீளம், அவ்வளவுதான்.

அதே அமெரிக்காவில் இன்னொரு கூட்டம் உண்டு. விடுமுறை நாளில் திறந்தவெளிச் சுடுதளத்திற்குப் போய், 100 மீட்டர், 200 மீட்டர் தள்ளி நிற்கும் எஃகுத் தகட்டைக் கைத்துப்பாக்கியால் சுட்டுப் பார்ப்பவர்கள் அவர்கள். பரிசு கிடையாது, பணமும் கிடையாது. விசையை இழுத்த பிறகு காத்திருக்க வேண்டும். குண்டு 200 மீட்டரைக் கடக்க அரை நொடிக்குச் சற்று அதிகமாகும். தகட்டில் பட்ட ஓசை திரும்பி வர இன்னும் அரை நொடிக்கு மேலாகும். ஒரு நொடி மௌனத்திற்குப் பிறகு, தூரத்திலிருந்து மெல்லிய 'டங்' சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்திற்காகத்தான் இவ்வளவு பாடும்!

இதில் என்ன பயன் என்று கேட்கலாம். தூரம் பொய் சொல்லாது என்பதுதான் பதில்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். கைத்துப்பாக்கியின் குழல் நுனியில் ஒரு சிறு மேடு இருக்கும், அது முன்குறி. பின்பக்கம் ஒரு பிளவு இருக்கும், அது பின்குறி. இரண்டையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்துத்தான் குறி பார்க்க வேண்டும். நீளமான குழல் உள்ள ரிவால்வரில் இவ்விரண்டுக்கும் இடையே சுமார் 20 சென்டிமீட்டர் இருக்கும். முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகியது என்று வைத்துக்கொள்வோம். 7 மீட்டரில் குண்டு மூன்றரை சென்டிமீட்டர் தள்ளிப் படும். சுட்டவர் "பரவாயில்லை, நன்றாகத்தான் சுட்டிருக்கிறோம்" என்று திருப்தியோடு வீடு திரும்புவார். அதே பிழை 200 மீட்டரில் ஒரு மீட்டராகிவிடும். தகடு அசையாமல் நிற்கும்.

குறி பார்ப்பதில் மட்டுமல்ல, விரலிலும் பிழை ஒளிந்திருக்கும். வெடிச்சத்தத்தையும் உதைப்பையும் எதிர்பார்த்து, குண்டு புறப்படும் முன்பே கை தன்னையறியாமல் ஒரு வெட்டு வெட்டும். பழக்கமில்லாதவர்கள் எல்லாருக்கும் வருவது இது, பழகியவர்களுக்கும் வரும். பக்கத்து இலக்கில் இந்தக் கோளாறு தெரிய வராது. தூரத்து இலக்கிலோ குண்டு மண்ணில் போய்ப் புழுதி கிளப்பும். அதனால்தான் பயிற்சி தருகிறவர்கள் மாணவருக்குத் தெரியாமல் வெடிக்காத தோட்டா ஒன்றையும் கலந்து வைப்பார்கள். விசை இழுபடும், ஆனால் வெடிக்காது. துப்பாக்கி முனை மட்டும் கீழே குனியும். குட்டு வெளிப்பட்டுவிடும்! இதற்கு மருந்தும் மலிவானதுதான். துப்பாக்கியைக் காலி செய்து, ஒருமுறைக்கு இருமுறை சோதித்துவிட்டு, முன்குறியின் மேல் ஒரு நாணயத்தை வைக்க வேண்டும். நாணயம் விழாமல் விசையை இழுக்க வேண்டும். தோட்டாச் செலவே இல்லாத பயிற்சி.

அடுத்தது புவியீர்ப்பு. குண்டு நேர்க்கோட்டில் பறப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். குழலை விட்டு வெளியேறிய கணமே அது விழத் தொடங்கிவிடுகிறது. நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் புறப்படும் .44 மேக்னம் குண்டுகூட, குழல் காட்டும் திசையிலிருந்து 100 மீட்டரில் சுமார் 35 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். தூரம் இரட்டிப்பானால் இறக்கமும் இரட்டிப்பாகும் என்று எண்ண வேண்டாம். 200 மீட்டரில் அது ஒன்றரை மீட்டரைத் தாண்டிவிடும். அப்படியானால் இலக்குக்கு மேலே வெறும் ஆகாயத்தைப் பார்த்துச் சுடுவதா? அதில் ஒரு தொல்லை உண்டு. ஆகாயத்தில் குறி வைக்க எந்த அடையாளமும் இல்லை.

இதற்கு வழி சொன்னவர்களில் எல்மர் கீத் முக்கியமானவர். 1899இல் பிறந்து 1984இல் மறைந்த அவர், ஐடஹோ மாநிலத்து மாட்டுப்பண்ணைக்காரர், வேட்டைக்காரர், துப்பாக்கி எழுத்தாளர். .44 மேக்னம் தோட்டா 1950களின் நடுவில் உருவானதற்கு அவருடைய விடாப்பிடியும் ஒரு காரணம். அவர் சொன்ன வழி எளிது: இலக்கைவிட்டுக் கண்ணை எடுக்காதே; முன்குறியைப் பின்பிளவுக்கு மேலே உயர்த்து; அதன் உச்சியில் இலக்கை உட்கார வை. எவ்வளவு உயர்த்துவது என்பதற்கு முன்குறியில் மெல்லிய தங்கக் கோடுகளைப் பதித்துக்கொண்டார். தூரத்துக்கு ஏற்ற கோடு. தையற்காரரின் அளவுநாடா மாதிரி!

கீத்துக்கு முன்பே மொன்டானாவைச் சேர்ந்த எட் மெக்கிவர்ன் இத்துறையில் பெயர் எடுத்திருந்தார். ஐந்து குண்டுகளை அரை நொடிக்குள் சுட்டவர் என்று 1932இல் புகழ்பெற்ற அவர், வேகத்திற்கு மட்டுமல்ல, தூரத்திற்கும் கெட்டிக்காரர். .357 மேக்னம் ரிவால்வரால் ஆள் அளவு இலக்கை 600 கஜத்தில் சுட முடியும் என்பதைச் செய்து காட்டினார்.

கீத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டது இன்னொரு 600 கஜம். வேறொருவரின் ரைஃபிள் குண்டால் காயம்பட்டு ஓடிய மானை, அவ்வளவு தூரத்திலிருந்து .44 ரிவால்வரால் சுட்டதாக அவரே எழுதினார். முதலில் சுட்ட குண்டுகள் தாழ்ந்து போயின. புழுதி எழுந்த இடத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டு சுட்டதாகச் சொன்னார். நம்புவதா வேண்டாமா என்று அமெரிக்கத் துப்பாக்கி ஆர்வலர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அது ஏற்கெனவே காயம்பட்ட மான். அதை வேதனையோடு தப்பவிடக்கூடாது என்பது கீத் தந்த விளக்கம். அந்த விளக்கத்தை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால், அந்தக் கதையைப் படித்துவிட்டு நல்ல நிலையில் மேயும் மானை அவ்வளவு தூரத்திலிருந்து கைத்துப்பாக்கியால் சுடக் கிளம்புகிறவரைத் திறமைசாலி என்று சொல்ல முடியாது. முதல் குண்டு எங்கே போகும் என்று தெரியாதவர் சுட வேண்டியது தகட்டை, உயிரை அல்ல.

தகட்டுக்கும் ஒரு கதை இருக்கிறது. மெக்சிகோவில் முன்னாளில் உயிருள்ள கோழி, ஆடுகளைத் தூரத்தில் கட்டிவைத்து ரைஃபிளால் சுடும் போட்டிகள் நடந்தன என்பார்கள். 1940களின் இறுதியில் அவற்றின் இடத்தில் எஃகு உருவங்கள் வந்தன. அந்த விளையாட்டு எல்லை தாண்டி அமெரிக்காவின் அரிசோனாவுக்குப் போனது. 1970களில் கைத்துப்பாக்கிக்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1976இல் அதற்கென அனைத்துலகச் சங்கமே அமைந்தது. 50 மீட்டரில் கோழி, 100 மீட்டரில் காட்டுப்பன்றி, 150 மீட்டரில் வான்கோழி, 200 மீட்டரில் செம்மறிக் கடா. ஒவ்வொன்றிலும் பத்து, ஆக நாற்பது உருவங்கள். பட்டால் போதாது, விழ வேண்டும். கடாவின் எடை இருபது கிலோவுக்கு மேல். அதன் முதுகுக்கும் வயிற்றுக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. முன் சொன்ன ஒரு மில்லிமீட்டர் கணக்கை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

சுடுகிற விதமும் வேடிக்கையானது. நின்றும் சுடலாம், மல்லாந்து படுத்து, மடக்கிய காலின் பக்கவாட்டில் துப்பாக்கியைச் சாய்த்தும் சுடலாம். புதிதாகப் பார்ப்பவருக்கு, வெயிலில் ஓய்வெடுக்கிறார் என்றே தோன்றும். குழலிலிருந்து பீறிடும் சூடான வாயு கால்சட்டையைப் பொசுக்கிவிடும் என்பதால் காலில் தோல் கவசம் கட்டிக்கொள்வார்கள்.

தூரம் குறைவு என்றால் எளிது என்று அர்த்தமில்லை. ஒலிம்பிக்கில் 2016 வரை இருந்த ஆண்கள் 50 மீட்டர் பிஸ்டல் போட்டியில் ஒற்றைக் கையால்தான் சுட வேண்டும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 5 சென்டிமீட்டர். ரியோவில் தென்கொரியாவின் ஜின் ஜோங்-ஓ இறுதிச் சுற்றில் 6.6 என்ற மோசமான ஒரு சூட்டுக்குப் பிறகு மீண்டு வந்து தங்கம் வென்றார். நம் வட்டார நாடான வியட்நாமின் ஹோங் சுவான் வின் வெள்ளி பெற்றார். கலப்பு இரட்டையர் போட்டிகளுக்கு இடம் தருவதற்காக ஆண்களுக்கான அந்தப் போட்டி பிறகு நீக்கப்பட்டது. ஆனால் உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் ஒரே வரிசையில் நின்று 50 மீட்டர் பிஸ்டல் சுடுகிறார்கள். பாரிஸ் 2024 வரை அது தொடர்ந்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை?

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உரிமமில்லாத துப்பாக்கி கடுமையான குற்றம். அந்தச் சட்டங்கள் கடுமையாக இருப்பது நல்லதே. சுடுதலில் ஆசையுள்ளவருக்கு இருப்பது முறையான சங்கமும் அதன் அரங்கும்தான். அமெரிக்காவில் கட்டுப்பாடு தளர்வாக இருந்தாலும், தூரச் சூட்டுக்காரர்கள் ஒரு விஷயத்தில் மிகக் கண்டிப்பானவர்கள்: இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது? சிறிய .22 தோட்டாப் பெட்டிகளிலேயே, குண்டு ஒன்றரை மைல், அதாவது சுமார் 2.4 கிலோமீட்டர் வரை போகும் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். அருகில் சுடும்போது குண்டு தரையைத் தொடும் கோணம் வேறு. தூரத்தில் கல்லில் பட்டுத் தெறித்தால் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே தகட்டுக்குப் பின்னால் உயரமான மண்மேடு இல்லாத இடத்தில் பழகியவர்கள் பெட்டியைத் திறக்கவே மாட்டார்கள். மழை பெய்து மண் நனைந்திருந்தால் புழுதி எழாது, குண்டு விழுந்த இடமும் தெரியாது. அன்றைக்குத் தூரத்தைக் குறைத்துக்கொண்டு, 50 மீட்டர் கோழியோடு நிறுத்திக்கொள்வார்கள்.