இல்லம் திரும்பலும் பராமரிப்போர் உழைப்பும்

டிமென்சியா எனப்படும் மறதிநோய்க்கு ஆளானோரைப் பராமரிப்பு நிலையத்திலிருந்து வீட்டுக்கு அழைத்து வருதல் வெறும் இடமாற்றமன்று. இதனை ஐக்கிய அமெரிக்காவின் அனுபவங்கொண்டு நோக்குவோம்.

வலுக்குறைந்தோரைத் தேவையின்றி நிலையங்களில் ஒதுக்கிவைத்தல் பாரபட்சமாகும் என அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1999இல் ஒல்ம்ஸ்ரெட் வழக்கிலே தீர்ப்பளித்தது. பின்னர் உருவான 'பணம் ஆளைத் தொடர்க' என்னும் திட்டத்தின்படி, வறியோருக்கான மெடிக்கெயிட் நிதி நிலையத்தை விட்டு நீங்குபவரைப் பின்தொடர்கின்றது. மாநிலத்துக்கான மேலதிக மத்திய நிதி 365 நாள்களுக்கே உரியது. மறதிநோயோ 365 நாள்களில் முடிவதன்று.

நிலையத்திலே பலர் முறைமாறிச் செய்த வேலை, வீட்டிலே பெரும்பாலும் மனைவியின் அல்லது மகளின் ஊதியமற்ற உழைப்பாகின்றது. அவ்வுழைப்பைக் கணக்கிற் கொள்ளாது வீட்டுப் பராமரிப்பை மலிவானதெனக் கூறுவதை நாம் ஏற்பதற்கில்லை.

2024 யூலையில் மெடிக்கெயார் தொடங்கிய 'கைட்' மாதிரி, நடுத்தர, கடுநிலை நோயாளரைப் பராமரிப்போரின் ஓய்வுக்கென ஆண்டுக்கு 2,500 டொலர் வரை ஒதுக்குகின்றது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் நிலையத்தில் நெடுங்காலம் வதிவோர் அதிற் சேரவியலாது. எனவே பராமரிப்பவர் பயிற்சிபெற வேண்டிய, புறப்படுவதற்கு முந்திய வாரங்கள் அம்மாதிரியின் துணையின்றியே கழிகின்றன. நோயாளர் மாலையில் எப்போது பதற்றமடைவார், இரவில் எழுந்து நடமாடுவாரா, எச்சொல்லுக்கு இணங்குவார், மருந்தை எதனோடு விழுங்குவார் என்பனவெல்லாம் அவ்வாரங்களிலே தாதியரிடம் நேரிற் கண்டு கற்கவேண்டியவை. மருந்துப் பட்டியலோடு எழுத்திலும் கையளிக்கப்பட வேண்டியவை.