முதற்பிழையில் நிற்றல்

நெசவின்போது இழை அறுந்த பின்னரும் தறி ஓடிக்கொண்டேயிருந்தால் துணி பழுதாகும். சப்பான் நாட்டுச் சகிச்சி டொயோடா என்பார் 1924ஆம் ஆண்டில் உருவாக்கிய தானியங்கித் தறி, இழை அறுந்தவுடன் தானே நின்றுவிடும் அமைப்பினை உடையது. இந்நெறி இன்று மென்பொருள் துறையிலும் பயின்று வருகின்றது. தமிழாசிரியனுக்கு இத்துறையில் என்ன வேலை என வினவுவோர் இருக்கலாம். விடைத்தாள் திருத்துவோர் எவர்க்கும் இது புதிதன்று என்பதே என் விடை.

நிரல் எழுதுவோர், அது செவ்வனே இயங்குகின்றதா என ஆராய்வதற்கென்றே வேறு சிறு நிரல்களையும் எழுதுவர். இவை சோதனைகள் எனப்படும். நூலக நிரல் ஒன்றனை எடுத்துக்கொள்வோம். நூலை வழங்கியவுடன் இருப்பு குறைகின்றதா, கெடு கடந்தால் தண்டத்தொகை சரியாகக் கணக்கிடப்படுகின்றதா என்றவாறு நூற்றுக்கணக்கான சோதனைகள் அமையும். கணிப்பொறி இவற்றை வரிசையாக நடத்தி, தேறியவை எவை, தவறியவை எவை எனப் பட்டியல் தரும்.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. கென்ட் பெக், எரிக் காமா இருவரும் 1997இல் உருவாக்கிய ஜேயூனிட் போன்ற கருவிகளில், ஒரு சோதனைக்குள் எதிர்பார்த்த விளைவு பொய்த்தால் அச்சோதனை அவ்விடத்திலேயே முடியும்; அடுத்த சோதனையோ தொடரும். ஓட்டம் முழுவதையும் நிறுத்த வேண்டுமாயின் தனியே கட்டளையிட வேண்டும். பைத்தான் மொழியுடன் வரும் யூனிட்டெஸ்ட், 2010இல் வெளிவந்த 2.7ஆம் பதிப்பில் இவ்வசதியைப் பெற்றது. பைடெஸ்ட் கருவிக்கு எக்ஸ் என்னும் ஓரெழுத்துக் குறியே போதும். இத்தனை தவறுகளுக்குப் பின் நில் என வரையறுக்கவும் அதில் இடமுண்டு.

நிறுத்துவதால் பயன் யாது? நூலக நிரல் தரவுத்தளத்துடன் இணைய இயலாமற் போயிற்று எனக் கொள்வோம். அதனைச் சார்ந்த சோதனைகள் யாவும் தவறும். திரையில் ஓடும் முந்நூறு பிழைச்செய்திகளும் உண்மையில் ஒரே பிழையின் எதிரொலிகள். கணக்கில் முதல் வரி பிழைத்தால் பின்வரும் வரிகளும் பிழைப்பதில்லையா? முதலிலேயே நின்றுவிட்டால் மூலத்தைக் காண்பது எளிது, காலமும் வீணாகாது.

ஆயின் இலக்கண விடைத்தாளில் அவ்வாறு நிற்க இயலாது. புணர்ச்சியில் பிழைத்த மாணவன் வேற்றுமையிலும் பிழைத்தானா என்பதை இறுதிவரை படித்தே அறிதல் வேண்டும். தொடர்பற்ற ஐந்து பிழைகள் உடைய நிரலை முதற்பிழையில் நிறுத்தினால், ஒன்றைத் திருத்தி ஓட்ட மற்றொன்று தலைகாட்டும். ஓர் ஓட்டம் அரைமணி நேரமாயின் அரைநாள் போய்விடும். அதனினும் தீங்கு, உள்ளது ஒரே பிழைதான் என மயங்கி, திருத்துவதற்கு ஒரு நாளே போதும் என வாக்களித்துவிடுதல். ஒருகால் தேறியும் ஒருகால் தவறியும் நிலையற்றிருக்கும் சோதனை முன்னே நின்றாலோ, பின்னுள்ளவை நடைபெறாமலே போகும்.

எனவே நிரலர் கணிப்பொறி முன் அமர்ந்து திருத்தும் வேளையில் நிறுத்துவதும், இரவில் ஆளின்றி ஓடவிடும்போது முழுமையும் நடத்துவதும் தக்கன என்பேன். கிட்ஹப் ஆக்சன்ஸ் என்னும் அமைப்பு, ஒரே நிரலைப் பல சூழல்களில் ஒருங்கே சோதிக்கையில், ஒன்று தவறினால் ஏனையவற்றைக் கைவிடுவதையே இயல்பாகக் கொண்டுள்ளது. பிழை ஒரு சூழலுக்கு மட்டும் உரியதா, அனைத்திற்கும் பொதுவா என அறிய விழைவோர் அவ்வியல்பை முன்கூட்டியே மாற்றி வைத்தல் வேண்டும்.