தாடி ஓணானுக்கு ஒரு தெர்மாமீட்டர்

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, என்று நம் ஊரில் ஒரு பழமொழி சொல்வார்கள். அந்த ஓணானின் ஆஸ்திரேலிய உறவுக்காரரைக் காசு கொடுத்து வாங்கி, பெட்டியில் வைத்து, விளக்குப் போட்டு வளர்க்கிறார்கள் என்றால் விருதுநகரில் யார் நம்புவார்கள்? ஆனால் பெரிய நகரங்களில் இது இப்போது பலரின் செல்லப் பிராணி. பெயர் பியர்டட் டிராகன். தமிழில் தாடி ஓணான் என்று வைத்துக்கொள்வோம். அறிவியல் பெயர் போகோனா விட்டிசெப்ஸ். நம் தோட்டத்து ஓணானும் இதுவும் அகாமிடே என்ற ஒரே குடும்பம். கோபம் வந்தால் தொண்டைப் பகுதி கறுத்து உப்பிவிடும். அதுதான் தாடி.

பெங்களூரில் வேலை பார்த்த என் மைத்துனர் வெளிநாடு போகும்போது, வாங்கிய ரசீதோடு தன் தாடி ஓணானை எங்களிடம் ஒப்படைத்தார். என் மகள் அதற்குத் தாடியப்பன் என்று பெயர் வைத்தாள். நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவன். ஓணானைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அளக்கத் தெரியும். இந்தப் பிராணியைப் பொறுத்தவரை அதுதான் முக்கியம் என்பதைப் போகப்போகப் புரிந்துகொண்டேன். நாய் குரைக்கும், பூனை கத்தும். இதற்குக் குரல் கிடையாது. வாடுவது நம் கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

வெயில் ஊரில் என்ன கஷ்டம்?

"இது பாலைவனப் பிராணி, நம் ஊர் வெயிலே போதுமே" என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. ஊர்வனவற்றால் நம்மைப் போல உடலுக்குள் வெப்பத்தை உண்டாக்கிச் சீராக வைத்துக்கொள்ள முடியாது. சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் மாறி மாறி நகர்ந்துதான் உடல் வெப்பத்தைச் சரிசெய்கின்றன. எனவே பெட்டியின் ஒரு முனை சூடாகவும், மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ். மறுமுனை 25 முதல் 29 டிகிரி. இரவில் 20 டிகிரியை ஒட்டி இறங்கினாலும் பரவாயில்லை.

குளிர் நாடுகளில் சூடான முனையை உண்டாக்கத்தான் பாடுபடுவார்கள். விருதுநகரிலும் சிவகாசியிலும் நிலைமை தலைகீழ். மே மாதப் பிற்பகலில் நம் வீட்டு அறையே 36 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. அப்போது குளிர்ந்த முனை என்று ஒன்று இருக்கவே இருக்காது. ஓணானுக்குத் தப்பிக்க இடமில்லை.

வெப்பம் இந்த இனத்தின் வாழ்க்கையை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதற்கு ஒரு வியப்பான செய்தி. முட்டைகள் சுமார் 32 டிகிரிக்கு மேல் அடைகாக்கப்பட்டால், மரபணுப்படி ஆணாகப் பிறக்க வேண்டிய குஞ்சுகள் பெண்ணாக மாறுகின்றன. இயற்கையிலேயே இது நடப்பதை ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2015-ல் உறுதி செய்தார்கள்.

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

அடுத்தது யுவிபி எனப்படும் புற ஊதாக் கதிர். இது தோலில் படும்போதுதான் வைட்டமின் டி3 உருவாகும். டி3 இருந்தால்தான் உணவிலுள்ள கால்சியம் உடலில் சேரும். இல்லாவிட்டால் எலும்பு மெலிந்து, தாடை ரப்பர் போலாகி, கால் வளைந்துவிடும். வளர்ப்பு ஓணான்களை அதிகம் வாட்டும் நோய் இதுதான்.

ஜன்னல் ஓரம் வைத்தால் போதாதா என்கிறீர்களா? போதாது. சாதாரணக் கண்ணாடி யுவிபி கதிரைத் தடுத்துவிடும். உள்ளே வருவது வெளிச்சமும் சூடும் மட்டுமே. ஊர்வனவற்றுக்கென்றே விற்கும் நீளமான டி5 யுவிபி குழல் விளக்குதான் நல்லது. குழலின் நீளம் பெட்டியின் பாதிக்குமேல் இருக்கட்டும். எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்பதைத் தயாரிப்பாளர் தரும் அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நடுவில் கம்பி வலை இருந்தால் கதிரின் ஒரு பகுதி குறைந்துவிடும். இன்னொன்று: குழல் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் யுவிபி சக்தி குறைந்துகொண்டே போகும். மாட்டிய தேதியைக் குழலின் ஓரத்தில் எழுதி, மொபைலில் ஒரு நினைவூட்டலும் வைத்துவிடுங்கள். தயாரிப்பாளர் சொன்ன காலத்தில், பொதுவாக 6 முதல் 12 மாதத்துக்குள், மாற்றிவிட வேண்டும்.

காலை இளவெயிலில் 15, 20 நிமிடம் வலைக்கூண்டில் வைப்பது நல்லது. கூண்டில் பாதி நிழல் வேண்டும். கண்ணாடித் தொட்டியை மட்டும் வெயிலில் வைக்காதீர்கள். சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும்.

அளக்கும் கருவி

வளர்ந்த ஓணானுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரப் பெட்டி வேண்டும். அதில் நான் பொருத்தியது இதுதான். ஒரு இஎஸ்பி32 போர்டு, இரண்டு டிஎஸ்18பி20 வெப்ப சென்சார்கள், ஈரப்பதத்துக்கு ஒரு டிஹெச்டி22 சென்சார், ஒரு சின்ன பஸ்ஸர்.

டிஎஸ்18பி20-ன் வசதி என்னவென்றால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 64 பிட் எண் உண்டு. அதனால் இரண்டு மூன்று சென்சார்களை ஒரே டேட்டா ஒயரில் இணைக்கலாம். டேட்டா ஒயருக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட மறக்காதீர்கள். ஒரு சென்சாரைக் கல்லின்மேலும், மற்றதைக் குளிர்ந்த முனையில் தரையிலிருந்து 2 அங்குல உயரத்திலும் வையுங்கள். ஓணான் இருப்பது தரையில்தான். கூரையோரம் அளந்து பயனில்லை.

5 நிமிடத்துக்கு ஒருமுறை அளவுகள் வைஃபை வழியாக கூகுள் ஷீட்டுக்குப் போகின்றன. குளிர்ந்த முனை 33 டிகிரியைத் தாண்டினால் டெலிகிராமில் செய்தி வரும். 35-ஐத் தொட்டால் பஸ்ஸர் அலறும். பஸ்ஸர் எதற்கு? கரண்ட் போனால் மோடமும் அணைந்துவிடும், செய்தி வராது. அதனால்தான் போர்டை ஒரு மினி யூபிஎஸ்ஸில் இணைத்திருக்கிறேன்.

சென்ற மே மாதம் ஒருநாள் பிற்பகல் 2 மணிக்குக் கரண்ட் போனது. நான் கடையில் இருந்தேன். மின்விசிறி நின்றதும் அறை சூடேறி, முக்கால் மணி நேரத்தில் பஸ்ஸர் ஒலித்தது. என் அம்மா, முன்பே சொல்லி வைத்திருந்தபடி, ஃபிரீசரிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் குளிர்ந்த முனையில் வைத்து, ஈரத்துணியைப் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். மாலையில் கிராஃபைப் பார்த்தேன். 35-ஐத் தொட்ட கோடு மெல்லக் கீழே இறங்கியிருந்தது. அளவு தெரியாமல் இருந்திருந்தால், ஓணான் தூங்குகிறது என்றுதான் வீட்டில் நினைத்திருப்பார்கள்.

சூடேற்றும் விளக்கை 230 வோல்ட் ரிலேயில் இணைக்கும் வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். அல்லது ரெடிமேட் தெர்மோஸ்டாட் வாங்குங்கள்.

எக்ஸெல்லில் ஒரு ஏடு

வாரம் ஒருமுறை சமையலறை டிஜிட்டல் தராசில் எடை பாருங்கள். எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க்கில் தேதி, எடை, உணவு, கழிவு, தோலுரிப்பு என்று ஐந்து காலம் போதும். ஆறாவது காலத்தில், இந்த வார எடையிலிருந்து சென்ற மாத எடையைக் கழித்து, சென்ற மாத எடையால் வகுத்து, 100-ஆல் பெருக்கும் ஃபார்முலா கொடுங்கள். 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் செல் சிவப்பாக மாறும்படி கண்டிஷனல் ஃபார்மட்டிங் செய்யுங்கள். குளிர் மாதங்களில் சில ஓணான்கள் வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் உறங்கும். உறக்கமா, நோயா என்று பிரித்துப் பார்க்க இந்த ஏடுதான் உதவும்.

என்ன கொடுக்கலாம்?

குஞ்சுகளுக்குப் பூச்சி அதிகம், கீரை குறைவு. வளர்ந்த பிறகு கீரை, காய் தினமும், பூச்சி வாரம் இரண்டு மூன்று முறை. முருங்கைக்கீரை, செம்பருத்திப் பூ, பூசணி எல்லாம் தாடியப்பனுக்குப் பிடித்தவை. பாலக்கீரை எப்போதாவது போதும். அதிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெங்காயம், அவகாடோ கூடாது. பூச்சியின் அளவு, ஓணானின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. கால்சியம் பொடியைத் தூவிக் கொடுங்கள்.

பருத்தி, மிளகாய்க் காடுகளில் பிடித்த பூச்சி வேண்டவே வேண்டாம். பூச்சிமருந்து ஏறியிருக்கும். மின்மினிப் பூச்சியோ நேரடி விஷம். அதிலுள்ள லூசிபுஃபாஜின் என்ற நஞ்சு தாடி ஓணானின் இதயத்தைத் தாக்கும். ஒரே ஒரு மின்மினி போதும், உயிர் போய்விடும்.

பட்டாசு ஊரில் கூடுதல் கவனம்

பெட்டிக்குள் விரிக்க மணல் வேண்டாம். அச்சகங்களில் வெட்டி மிஞ்சும் அச்சிடாத வெள்ளைத் தாள் சிவகாசியில் தாராளமாகக் கிடைக்கும். அதை விரித்துத் தினமும் மாற்றலாம். ஆனால் சூடேற்றும் விளக்குக்கும் தாளுக்கும் நல்ல இடைவெளி வேண்டும். விளக்கின் மேல் துணி போர்த்தாதீர்கள். பட்டாசோ தீப்பெட்டிக் கட்டோ அந்த அறையில் இருக்கவே கூடாது. இந்த ஊரில் இதை இரண்டு முறை சொல்லலாம்.

வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்பது 1999-ல் மத்திய அரசு பட்டாசுக்கு வைத்த வரம்பு. ஓணானுக்குக் காது நன்றாகவே கேட்கும், அதிர்வும் உறைக்கும். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே பெட்டியைத் தெருப்பக்கச் சுவரிலிருந்து உள்ளறைக்கு மாற்றுங்கள். அடியில் ரப்பர் பாய் போடுங்கள். ஒளிந்துகொள்ள ஒரு பானை ஓடு வையுங்கள். புகை வராமல் ஜன்னலை மூடுங்கள். தாடி கறுத்திருந்தால் தூக்கிக் கொஞ்ச வேண்டாம், விட்டுவிடுங்கள்.

வாங்கும் முன்

ஆஸ்திரேலியா தன் காட்டு விலங்குகளை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டது. எனவே கடைக்கு வருவது கூண்டில் பிறந்ததா, கடத்தி வந்ததா என்று கேட்பது நம் கடமை. பாங்காக்கிலிருந்து கடத்தி வரப்படும் ஊர்வனவற்றைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை அடிக்கடி பிடிக்கிறது. சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களைப் பதிவு செய்ய, 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டத்தின் கீழ் 2024-ல் விதிகள் வந்துள்ளன. பதிவு பரிவேஷ் இணையதளத்தில். வாங்கும் நாளன்று ஸ்பீசீஸ் பிளஸ் தளத்தில் அறிவியல் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள். வன அலுவலகத்திலும் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் வாங்காதீர்கள். நம் ஊர் உடும்பும் நட்சத்திர ஆமையும் சட்டப்படி வீட்டில் வளர்க்கக்கூடாதவை.

ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் பக்கத்தில் கிடைப்பது அரிது. திருநெல்வேலியிலும் சென்னை வேப்பேரியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. முன்கூட்டியே போனில் விசாரித்துவிட்டு, எடை ஏட்டையும் வெப்ப கிராஃபையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. ஓணானை வாங்கும் முன் பெட்டியையும் சென்சாரையும் வாங்குங்கள். மே மாதத்தில் ஒரு வாரம் வெறும் பெட்டியை ஓட்டிப் பாருங்கள். பிற்பகல் 3 மணிக்குக் குளிர்ந்த முனையை உங்களால் 32 டிகிரிக்குள் வைக்க முடிந்தால், 10 ஆண்டு வாழக்கூடிய ஒரு ஜீவனை அழைத்து வாருங்கள். முடியவில்லையா? செலவு ஒரு பெட்டியோடு போயிற்று, ஓர் உயிர் பிழைத்தது. பார்த்து மகிழ நம் ஓணான் வேலியிலேயே இருக்கிறது.