தொட்டியில் ஹோஸ்டா: மண்கலவையும் வடிகாலும்

ஹோஸ்டா, இலையழகுக்காக நிழலில் வளர்க்கப்படும் பல்லாண்டுத் தாவரம். ஜப்பான், கொரியா, சீனா ஆகியவற்றையும் ரஷ்யாவின் தூரக் கிழக்குப் பகுதியையும் தாயகமாகக் கொண்டது. ஆஸ்திரியத் தாவரவியலாளர் நிக்கோலஸ் தாமஸ் ஹோஸ்டின் நினைவாக இப்பேரினத்துக்குப் பெயரிடப்பட்டது.

ஹோஸ்டா ஈரத்தை விரும்பும். ஆனால் தேங்கிய நீரில் அதன் வேர்கள் அழுகிவிடும். நிலத்தில் மிகுதியான நீர் கீழ்நோக்கி இறங்கிச் செல்ல இடமுண்டு. தொட்டியில் அப்படியன்று. அடியில் துளை இருந்தாலும், நுண்துளைகளின் ஈர்ப்பால் கலவையின் அடிப்பகுதியில் ஒரு நீர் நிறைந்த அடுக்கு வடியாமல் நின்றுவிடும். நனைந்த பஞ்சைக் கிடையாகப் பிடித்து, நீர் சொட்டுவது நின்றபின் செங்குத்தாக நிறுத்தினால் மேலும் நீர் வடிவதைக் காணலாம். நீர் நிறைந்த அடுக்கின் உயரம் கலவையின் துகள் அளவைப் பொறுத்தது. ஆகவே ஆழமான தொட்டியில் அதற்கு மேலே காற்றோட்டமுள்ள பகுதி கூடுதலாகக் கிடைக்கும்.

வடிகாலுக்காக அடியில் சரளைக்கல் பரப்புவது பரவலான பழக்கம். இது எதிர்மாறான விளைவையே தரும். நுண்ணிய கலவையிலிருக்கும் நீர், பெரிய இடைவெளிகளுள்ள சரளைக்குள் எளிதில் இறங்காது. நீர் நிறைந்த அடுக்கு சரளைக்கு மேலேயே நின்று, வேர்களை இன்னும் நெருங்கிவிடும். துளையை ஒரு வலைத்துண்டால் மூடினாலே போதும்.

தீர்வு கலவையில்தான் இருக்கிறது. தோட்டமண் தொட்டிக்குள் இறுகிவிடும். பைன் மரப்பட்டைத் துண்டுகளைப் பெரும்பங்காகக் கொண்டு, ஈரம் காக்கப் பீட் பாசியோ தென்னை நார்க்கழிவோ, காற்றோட்டத்துக்குப் பெர்லைட்டோ சேர்ப்பது ஏற்றது. பீட் பாசி முழுதும் காய்ந்தால் சுருங்கும். ஊற்றும் நீர் தொட்டியின் ஓரமாகவே வழிந்தோடிவிடும். துளையில் நீர் வந்ததாலேயே கலவை நனைந்துவிட்டதாகக் கொள்ளக்கூடாது.

குளிர்காலமே மிகுந்த ஆபத்தானது. இலைகள் மடிந்து உறங்கும் செடி நீரை உறிஞ்சாது. மழையும் பனியுருகலும் தொட்டியை நிரப்பும். எனவே தொட்டியைச் செங்கற்கள்மீது உயர்த்தியோ, பக்கவாட்டில் சாய்த்தோ, வெப்பமூட்டப்படாத கொட்டகையிலோ வைப்பர். வெப்பமான அறைக்குள் கொண்டுசெல்வதும் தவறு. வசந்தத்தில் நன்கு துளிர்க்கச் செடிக்குச் சில வாரக் குளிர் தேவை.

மரப்பட்டை நாளடைவில் மட்கிப் பொடியாகிக் காற்றிடைவெளிகளை அடைத்துவிடும். ஆதலால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, முளைகள் எழும்பும் வசந்தத் தொடக்கத்தில் கலவையைப் புதுப்பிக்க வேண்டும். முளைகள் தோன்றும் தண்டடி, முன்பிருந்த ஆழத்திலேயே அமைய வேண்டும்; ஆழப் புதைத்தால் புதிய கலவையிலும் அது அழுகக்கூடும்.