ராணுவத் தம்பிக்கு சல்யூட் ஓகே... அவரோட சம்பளக் கணக்கு தெரியுமா?



ஆபீஸ்ல புதுசா ஒருத்தர் சேர்ந்தா, ஒரு மாசத்துக்குள்ள அவரோட சி.டி.சி எவ்ளோன்னு எப்படியாவது தெரிஞ்சுக்குவோம். ஆனா சொந்தக்காரப் பையன் ஒருத்தன் ராணுவத்துல சேர்ந்தா? "பெருமையா இருக்குடா தம்பி"ன்னு ஸ்டேட்டஸ் போடுவோம். "பிடித்தம் போக கைக்கு எவ்ளோ வருது? நாலு வருஷம் கழிச்சு என்ன பிளான்?"னு கேட்க மாட்டோம். கேட்டா, நாட்டுப்பற்றைக் காசால அளக்கிற மாதிரி ஆயிடுமோன்னு ஒரு தயக்கம்.

அந்தத் தயக்கத்தால நஷ்டம் நமக்கு இல்லை, அந்தத் தம்பிக்குத்தான். ஏன்னு பார்ப்போம்.

பணத்துக்காகச் சேர்ந்தா தப்பா?

2024 தீபாவளிக்கு 'அமரன்' ரிலீஸ் ஆச்சு. 2014-ல் காஷ்மீரின் ஷோபியானில் உயிர்நீத்து, அசோக சக்ரா விருது பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. படம் பார்த்துட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டு வந்தவங்க ஏராளம். அந்த மரியாதை உண்மையானது, அதுல சந்தேகமே இல்லை.

ஆனா ஒரு பையன் ராணுவத்துல சேர்றதுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கும்னு நினைக்கிறோம் பாருங்க, அது சரியில்லை. வேலூர் பக்கத்துல கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊர். தலைமுறை தலைமுறையா ராணுவத்துக்கு ஆள் அனுப்பி, 'ராணுவப்பேட்டை'ன்னே பெயர் வாங்கின ஊர். இப்படிப்பட்ட ஊர்கள்ல நாட்டுப்பற்று இருக்கும். கூடவே அப்பா போன வழி, யூனிஃபார்ம் மேல ஆசை, மாசம் தவறாத சம்பளம், பென்ஷன் எல்லாமே இருக்கும். ஒண்ணு இன்னொண்ணைக் குறைச்சிடாது.

இதை ஆராய்ச்சியாளர்களும் பேசியிருக்காங்க. அமெரிக்க சமூகவியலாளர் சார்லஸ் மாஸ்கோஸ் 1977-ல் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையில ரொம்ப பிரபலம். ராணுவத்தை ஒரு 'அழைப்பு'ன்னு பார்க்கிறது ஒரு பார்வை, அதுவும் ஒரு 'வேலை'ன்னு பார்க்கிறது இன்னொரு பார்வை, அமெரிக்க ராணுவம் முதல் பார்வையிலிருந்து இரண்டாவதுக்கு நகர்ந்துட்டு இருக்குன்னு அவர் சொன்னார். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் பலவும், ஒரே ஆள் மனசுல இந்த ரெண்டும் சேர்ந்தே இருக்குன்னு காட்டுது.

நம்ம அரசாங்கமே கஷ்டத்துக்கு ஒரு தொகை வைக்குது. சியாச்சின் பனிமலையில் நிற்கிற ஜவானுக்கு மாதம் 14,000 ரூபாயாக இருந்த படியை, ஏழாவது ஊதியக் குழு சமயத்தில் 30,000 ஆக்கினாங்க. அந்தக் குளிருக்கு அந்தப் பணம் ஈடாகுமா? ஆகாது. ஆனா அந்தப் பணம் அவருக்கு வேணும், வீட்டுல பசங்க படிக்கணும். இதுல வெட்கப்பட என்ன இருக்கு?

பழைய கணக்கு வேற, புதுக் கணக்கு வேற

ரெகுலர் சர்வீஸ்ல சிப்பாயா சேர்ந்தவர் 15 வருஷம் முடிச்சா பென்ஷனுக்குத் தகுதி. 19 வயசுல போனவர், முப்பதுகளின் நடுவுல கையில பென்ஷனோட ஊருக்கு வருவார், பேங்க்ல செக்யூரிட்டியாவோ வேற எங்கேயோ ரெண்டாவது வேலைக்கும் போவார். ஊர்ல பெரியவங்க "ராணுவத்துக்குப் போடா, லைஃப் செட்டில்"னு சொன்னது இந்தக் கணக்கை வெச்சுத்தான்.

2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டத்தை அறிவிச்சாங்க. இப்போ முப்படைகளிலும் அதிகாரிகளுக்குக் கீழே உள்ள பணிகளுக்கு இதுதான் வழி. சர்வீஸ் நாலு வருஷம். அதுக்கப்புறம் ஒரு பேட்ச்ல 25% பேர் வரைதான் ரெகுலர் சர்வீஸுக்குத் தேர்வாவாங்க. மீதிப் பேர் இருபதுகளின் தொடக்கத்துல வீட்டுக்கு வந்துடுவாங்க. முதல் பேட்ச் 2023 தொடக்கத்துல பயிற்சிக்குப் போச்சு. அவங்களோட நாலு வருஷம் 2026 கடைசியை ஒட்டி முடியுது.

பெரியவங்க சொல்ற பழைய கணக்கை நம்பி இந்தப் புது வேலைக்குப் போறதுதான் இங்க பெரிய ரிஸ்க்.

பே-ஸ்லிப்பைப் பார்ப்போமா?

முதல் வருஷம்: மாதம் 30,000, கைக்கு 21,000
இரண்டாம் வருஷம்: 33,000, கைக்கு 23,100
மூன்றாம் வருஷம்: 36,500, கைக்கு 25,550
நான்காம் வருஷம்: 40,000, கைக்கு 28,000

சம்பளத்துல 30% பிடிச்சு ஒரு நிதியில போடுறாங்க. அதே அளவு அரசும் போடுது. நம்ம பி.எஃப்ல 12% பிடிச்சதுக்கே புலம்புறோம், இங்க 30%! நாலு வருஷத்துல தம்பியோட பங்கு 5.02 லட்சம், அரசோட பங்கு 5.02 லட்சம், ஆக 10.04 லட்சம். வட்டியோட சேர்த்து சுமார் 11.71 லட்சம்னு அறிவிச்சாங்க. இதுதான் 'சேவா நிதி'. இதுக்கு வருமான வரி கிடையாது. தங்குமிடம், சாப்பாடு, உடை படையே பார்த்துக்கும். போஸ்டிங்கைப் பொறுத்து ரிஸ்க் படியும் உண்டு.

இருபதுகளின் தொடக்கத்துல பத்து லட்சத்துக்கு மேல கையில இருக்கிறது சின்ன விஷயம் இல்லை. நம்மள்ல பலர் அந்த வயசுல கல்விக் கடனோட நின்னோம்.

இப்போ இன்னொரு பக்கம். பென்ஷன் இல்லை. கிராஜுவிட்டி இல்லை. அகவிலைப்படி இல்லை. முன்னாள் ராணுவத்தினர் என்ற அந்தஸ்தும், அவங்களுக்கான மருத்துவத் திட்டமும், கேன்டீன் சலுகையும் இல்லை. நடுவுல சொந்த விருப்பத்துல விலகினா தன் பங்கும் அதோட வட்டியும்தான் கிடைக்கும், அரசின் பங்கு கிடைக்காது.

பணியில இருக்கும்போது 48 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு உண்டு, பிரீமியம் அவர் கட்ட வேண்டாம். பணி காரணமாக உயிரிழந்தா குடும்பத்துக்கு கூடுதலா 44 லட்சம் கருணைத்தொகை. நாலு வருஷம் முடிஞ்சு வெளியே வந்த அன்னிக்கு அந்தக் காப்பீடும் முடிஞ்சிடும்.

11.71 லட்சம் எத்தனை நாள் வரும்?

எஃப்.டி-ல 7% வட்டின்னு வெச்சுக்குவோம். வருஷத்துக்கு சுமார் 82,000, மாசத்துக்கு 6,800 சொச்சம். கடைசி மாசம் கைக்கு வந்தது 28,000. அதாவது இந்தப் பணத்தோட வட்டி சம்பளத்துக்கு மாற்று ஆகாது. சரி, அசலையே எடுத்து மாசம் 25,000 செலவு பண்ணினா? நாலு வருஷத்துக்குள்ள காலி.

அக்கா கல்யாணம், வீட்டுக்குத் தளம் போடுறது, ஒரு புல்லட், மாமா கேட்ட கைமாத்துன்னு போனா நாலு மாசம்கூடத் தாங்காது. "பையன் மிலிட்டரிலருந்து வந்திருக்கான்"னு ஊருக்கே தெரியும். பணம் வந்திருக்குன்னும் தெரியும். வேலூர், ராணிப்பேட்டை பக்கம் 2022-ல் வெடிச்ச நிதி நிறுவன மோசடிகள் ஞாபகம் இருக்கா? ஒரு லட்சம் போட்டா மாசாமாசம் ஆயிரக்கணக்குல வட்டின்னு சொன்னாங்க. மொத்தமா ஒரு தொகையை வெச்சிருக்கிற, அனுபவம் இல்லாத ஆளைத்தான் அந்த மாதிரி ஏஜென்ட் தேடி வருவார்.

உங்க வீட்டுத் தம்பிகிட்ட என்ன சொல்லலாம்?

1. சேர்ந்த முதல் வருஷத்துலருந்தே கைக்கு வர்ற சம்பளத்துல மாசம் 8,000 ஆர்.டி போடச் சொல்லுங்க. 48 மாசத்துல அசல் மட்டும் 3.84 லட்சம். சேவா நிதியைத் தொடாமலேயே வெளியே வந்ததும் ஒரு வருஷம் ஓட்டலாம்.

2. நாலு வருஷத்தைப் படிப்புக்கும் பயன்படுத்தணும். அக்னிவீரர்களுக்காக இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல தனியா மூணு வருஷ பட்டப்படிப்பு இருக்கு. அதுல பாதி கிரெடிட் படையில எடுக்கிற பயிற்சிக்கே கிடைக்கும். மத்திய ஆயுதப் படைகள்ல முன்னாள் அக்னிவீரர்களுக்கு 2022-லேயே 10% இட ஒதுக்கீடு அறிவிச்சாங்க. அந்தத் தேர்வுக்கும் முன்கூட்டியே தயாராகணும்.

3. நாமினி விவரம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க.

4. வெளியே வந்த மாசமே ஹெல்த் இன்ஷூரன்ஸ். குடும்பம் அவர் சம்பளத்தை நம்பி இருந்தா டேர்ம் இன்ஷூரன்ஸும்.

5. சேவா நிதி வந்ததும் ஆறு மாசம் எஃப்.டி-ல போட்டுட்டு சும்மா இருக்கணும். இடம், பிசினஸ், ஃபண்ட் எதுவா இருந்தாலும் அந்த ஆறு மாசம் முடிஞ்ச பிறகுதான் முடிவு.

நம்ம மரியாதை எங்க நிக்குது?

யூனிஃபார்ம்ல ரயில்ல வர்றவருக்கு எழுந்து இடம் கொடுக்கிறோம். அதே ஆள் யூனிஃபார்மைக் கழட்டிட்டு பேங்க் வாசல்ல காவலுக்கு நிக்கும்போது, நிமிர்ந்துகூடப் பார்க்காம உள்ளே போயிடுறோம். இனி வருஷா வருஷம் பல ஆயிரம் பேர் இருபத்து சொச்ச வயசுல, பென்ஷன் இல்லாம, வேலை தேடி நம்ம ஆபீஸ்களுக்கே வரப் போறாங்க. உங்க கம்பெனியில ஆள் எடுக்கிற இடத்துல நீங்க இருந்தா, அந்த நாலு வருஷத்தை 'கேப்'னு பார்க்காம அனுபவம்னு பாருங்க. ரெஃபரல் கொடுக்க முடிஞ்சா கொடுங்க.

ஸ்கூல்ல டிசம்பர் 7 கொடிநாளுக்கு உண்டியல்ல காசு போட்டுக் கொடி குத்திக்கிட்டோமே, 1949-லருந்து நடக்கிற அந்த நிதி வசூல் இப்பவும் நடக்குது. சம்பளம் வாங்க ஆரம்பிச்ச பிறகு எத்தனை பேர் கொடுத்தோம்?

அடுத்த தடவை அந்தத் தம்பி லீவுல வரும்போது செல்ஃபி எடுத்துக்கோங்க, தப்பே இல்லை. எடுத்து முடிச்சதும் ஒரு டீயை வாங்கிக் கொடுத்து, "மாசம் எவ்ளோடா சேமிக்கிற?"னு கேளுங்க. அவரும் உங்களை மாதிரி மாசச் சம்பளக்காரர்தான். உங்களை விட ரொம்ப கஷ்டமான வேலை, உங்களை விட ரொம்பக் குறைஞ்ச காலம்.

இந்தக் கட்டுரையை அக்னிவீரா இருக்கிற, ஆகப் போற ஒருத்தருக்காவது அனுப்புங்க.